மரம் தூங்கினால் குட் மார்னிங்

ஐந்து வயதுக் குழந்தைக்குக் காலை எது, மத்தியானம் எது, சாயங்காலம் எது என்று சொல்லிக்கொடுக்க இப்போது ஒரு பெட்டி விற்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் விலை. உள்ளே பலகைக் கடிகாரம், கையால் திருப்ப இரண்டு முள், சிரிக்கிற சூரியன், கண்ணை மூடிய நிலா, ஒரு கட்டுப் பட அட்டை. பல் தேய்க்கும் பையன் காலை. தட்டும் கையுமாக உட்கார்ந்தால் மத்தியானம். பந்து விளையாடினால் சாயங்காலம். கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்தால் ராத்திரி. என் மருமகள் இதை வாங்கி, "அத்தை, நீங்கதான் டீச்சர். இதை மட்டும் இவளுக்குப் புரிய வச்சிருங்க" என்று என்னிடம் ஒப்படைத்தாள். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமே ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது அதன் நம்பிக்கை. எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒரே வேளையில் பல் தேய்த்து, ஒரே வேளையில் சாப்பிட்டு, ஒரே வேளையில் படுக்கிறார்கள் என்று அது இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

நான் வளர்ந்தது விக்கிரமசிங்கபுரத்தில், பொதிகை மலை அடிவாரத்தில். பாபநாசத்தில் விழுகிற தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே பஞ்சாலை வைத்தார்கள். ஊர் அந்த மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர். நேரம் சொல்ல மில் சங்கு இருந்தது. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும். ஊதியதும் கடிகாரம் உள்ள வீட்டில் கடிகாரத்தைத் திருத்துவார்கள். இல்லாத வீட்டில் பிள்ளைகளைத் திருத்துவார்கள். "சங்கு ஊதியாச்சு, இன்னும் என்னட்டி படுக்கை?" என்ற கேள்வியோடுதான் தெருவில் பாதிப் பேருக்கு விடியும்.

காலை எது, மாலை எது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. சொல்லித் தந்ததெல்லாம் வேலைதான். தண்ணீர் எடுக்கச் சொன்னால் காலை. மில் வாசலுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோகச் சொன்னால் மத்தியானம். கொடியில் கிடக்கும் துணியை எடு, கோழியைக் கூடையில் அடை, அரிக்கேன் விளக்கின் சிமினியைத் துடை என்று மூன்று கட்டளை அடுத்தடுத்து வந்தால் சாயங்காலம். புறவாசலில் பீர்க்கங்கொடி கிடந்தது. பீர்க்கம்பூ பொழுது சாயும்போதுதான் விரியும். "பீர்க்கு பூத்திருச்சு, இன்னும் விளக்குத் துடைக்கலியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள். அவள் பூவைப் பார்த்தாளா, எங்களைப் பார்த்துக் கேட்டாளா என்பது கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஒரு படி முந்தியே வந்துவிடும். மேற்கே மலை. சூரியன் தன் கணக்குப்படி மறைவதற்கு முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகள் வெயிலில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருவில் நிழல் இறங்கியிருக்கும். அந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த என் அக்கா வீட்டுக்குப் போனால் அரைமணி நேரம் கூடுதலாக விளையாடலாம் என்பது நாங்களாகக் கண்டுபிடித்த பூகோளம்.

டீக்கடை ரேடியோவுக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' போகிறது என்றால் இன்னும் கொஞ்சம் புரண்டு படுக்கலாம். 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஆரம்பித்தால் படுத்திருக்க முடியாது. நாட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யார் வாசித்தாலும் எங்கள் காதில் விழுந்த செய்தி, எழுந்து குளி என்பதுதான்.

இப்படியெல்லாம் எழுதினால் அந்தக் காலத்தில் நேரம் சுத்தமாக இருந்தது என்று தோன்றிவிடும். எங்கள் அம்மா தினமும் காலையில் பொய் சொன்னாள். "மணி ஏழாச்சு, எந்திரி" என்பாள்; எழுந்து வாசலுக்கு வந்தால் ஐந்தரைதான் ஆகியிருக்கும். பிற்பாடு ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது. அது வந்த அன்றே அப்பா கால்மணி நேரம் வேகமாக வைத்துவிட்டார், சங்குக்கு முன்னால் கிளம்ப வசதியாக. கால்மணி கூடுதல் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மனசுக்குள் கழித்துக்கொள்வோம். விருந்தாளிகள் மட்டும் அதை நம்பி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதிச் சோற்றில் எழுந்துபோவார்கள். எனக்குக் கழித்தல் கணக்கு சீக்கிரம் வந்ததற்கு இது ஒரு காரணம்.

முன்னோர்கள் வானத்தைப் பார்த்தே நேரம் சொல்வார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் என் ஆச்சியோடு ஒரு மார்கழி இருந்திருக்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய ஒரு ராத்திரி கண் விழித்தவள், முற்றம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து விடிந்துவிட்டது என்று எழுந்துவிட்டாள். வாசல் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டு, சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ பறிக்கக் கொல்லைக்குப் போனால் எல்லாம் மொட்டாக இருக்கிறது. பூசணி விடியும்போதுதான் விரியும். மொட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நின்றவளிடம், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன ஆச்சி, ஊர் இன்னும் படுக்கவே இல்ல, அதுக்குள்ள கோலம் போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார். கூடைக்குள் சேவல் அசையவில்லை. சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, மங்கலான வெளிச்சத்திலேயே அடைத்து வைத்தாலும் விடியலுக்கு முன்னால் கூவும் என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013-ல் கண்டு சொன்னார்கள். ஆச்சி அதைக் கேட்டிருந்தால் சேவலை மன்னித்திருக்க மாட்டாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் எந்தக் கிழமையில் ராகுகாலம் எப்போது என்பது தலைகீழ்ப் பாடம். திங்கட்கிழமை என்றால், "ஏலே, ஏழரை ஆயிருச்சா பாரு" என்று பேரனை ஏவுவாள். ஒன்பது வரை யாரையும் படி இறங்க விடமாட்டாள். உலகத்தில் மற்ற மணிகள் எல்லாம் அவளுக்கு அநாவசியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் மகனைப் பற்றிக் குறை சொல்லப் போகிறேன். எங்கள் அப்பாவுக்கும் ராத்திரி ஷிப்டு உண்டு. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் இரண்டு பொழுது ஓடும். காலையில் நாங்கள் பழையது சாப்பிடும்போது அவர் சுடுசோறும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். பகல் பத்து மணிக்கு வீட்டுக்குள் எல்லாரும் கிசுகிசுவென்று பேசுவோம். "அப்பாவுக்கு இப்ப ராத்திரி" என்று தம்பி, வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லி நிறுத்துவான். காக்கையைக்கூடக் கல் எறியாமல் கையை ஆட்டித்தான் விரட்டுவோம். ஆனாலும் எந்தப் பிள்ளைக்கும் குழப்பம் வந்ததில்லை. அப்பா இருட்டில் தூக்குச்சட்டியோடு படி இறங்கிப் போனார். வெளிச்சத்தில் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு படியேறி வந்தார். அவருடைய பொழுது வேறு, ஊருடைய பொழுது வேறு, நடுவில் ஒரு வாசற்படி இருக்கிறது என்பது நாலு வயதுக்கே விளங்கியது.

பிறகு நானே டீச்சர் ஆனேன். ஆசிரியர் பயிற்சியில், குழந்தை மனசை ஆராய்ந்த பியாஜேயைப் பற்றி நடத்தினார்கள். 1928-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடந்த ஒரு கூட்டத்தில் ஐன்ஸ்டைன் அவரிடம், காலத்தைப் பற்றிய உணர்வு குழந்தைக்கு நேராகவே இருக்கிறதா, அல்லது வேகத்தைப் பார்த்துப் பிறகு வருகிறதா என்று கேட்டாராம். பியாஜே அதைக் குழந்தைகளிடமே கேட்டுக் கேட்டு, 1946-ல் பதிலைப் புத்தகமாகப் போட்டார். ஐன்ஸ்டைனுக்குப் பதில் சொல்ல அவருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. எங்களுக்கு அந்தப் பதிலை ஒரே பீரியடில் முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த நேரத்தில் அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஆணி குத்தி, கடிகாரம் செய்யச் சொன்னார்கள்.

அந்த அட்டைக் கடிகாரத்தோடு வேலைக்குப் போனேன். மலையை ஒட்டிய கிராமம், ஓட்டுக் கட்டடம். பெரிய முள் தூரமாகச் சுற்றுகிறது, அதனால் அதற்குத்தான் நேரம் அதிகம் ஆகிறது என்று பிள்ளைகள் வாதம் பண்ணினார்கள். அதிக தூரம் போனது அதிக நேரம் எடுத்தது என்று சின்னக் குழந்தைகள் நினைப்பார்கள் என்பது பியாஜே எழுதி வைத்ததுதான். அவர் ஜெனீவாப் பிள்ளைகளிடம் கேட்டார். பதில் எங்கள் ஊர் வரைக்கும் செல்லுபடியானது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. அதற்கப்புறம் எனக்கு மத்தியானம் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. சாம்பார் தாளிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை தட்டுச் சத்தம் கேட்கும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, அட்டைக் கடிகாரத்தில் இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் வைத்து, "இது பகலா, ராத்திரியா?" என்று கேட்டார். சிக்கலான கேள்வி, அவருக்கே விடை தெரிந்திருக்காது. கடைசி வரிசைப் பையன் எழுந்து சொன்னான்: "சோறு போட்டா பகல் சார். பேய் வந்தா ராத்திரி." அதிகாரி குறிப்பேட்டில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு அதைவிடச் சரியான விடையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நிழலை வைத்து நண்பகலைக் காட்டலாம் என்று ஒரு ஜூலை மாதம் மைதானத்தில் குச்சி நட்டோம். நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அப்போது சரியாகப் பன்னிரண்டு மணி என்று சொல்லிவைத்திருந்தேன். பன்னிரண்டு அடித்தது, நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டேகால் தாண்டிய பிறகுதான் நின்றது. நாட்டுக்கெல்லாம் ஒரே மணி என்று 1906-ல் ஏற்பாடு செய்தபோது, கிழக்கே 82.5 பாகையில் சூரியன் உச்சிக்கு வருவதைக் கணக்காக வைத்தார்கள். நாங்கள் அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிஷம். அதனால் எங்கள் உச்சிவேளை எப்போதும் கடிகாரத்துக்குப் பின்னால்தான் வரும். இதையெல்லாம் ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சொல்வது? தலைமையாசிரியரிடம் கேட்டேன். "சூரியனை நம்மால திருத்த முடியாது, கடிகாரத்தை நீங்க தொடாதீங்க, குச்சியைப் பிடுங்கிருங்க" என்றார். நிர்வாகத்தில் இப்படி ஒரு தெளிவை நான் பிறகு பார்த்ததில்லை.

இது அந்தக் காலம். இப்போது சோழிங்கநல்லூரில், ஒன்பதாவது மாடியில், மகன் வீட்டில் இருக்கிறேன்.

இந்த வீட்டில் காலை எப்படி வருகிறது என்று நானும் கவனித்துப் பார்க்கிறேன். கனமான திரை. ஏ.சி. ஓடுவதால் ஜன்னல் மூடியே இருக்கும். அறைக்குள் நடுப்பகலும் நடுநிசியும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், அந்த வெளிச்சமும் ரிமோட்டில்தான் இருக்கிறது. சாப்பாட்டை வைத்தாவது சொல்லலாம் என்றால், காலையில் பாலில் போட்ட சோள அவல், ராத்திரி இட்லி. ராத்திரி பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தால் பரோட்டா வந்திருக்கிறது. பெங்களூரை ஒட்டிய ஊர்களில் விடியற்காலை நாலு மணிக்குப் பிரியாணிக்கு வரிசை நிற்கிறது என்று போனில் படம் காட்டுகிறார்கள். எங்கள் கடைசி வரிசைப் பையன் இந்த ஊருக்கு வந்தால் அவன் சூத்திரம் உடைந்துபோகும். சோறு எந்நேரமும் வருகிறது. பேயும் வராமல் இல்லை, அதற்குத் தனியாக ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது.

அம்மா சொன்ன காலைப் பொய்யையும் இப்போது சொல்ல முடியாது. ஒவ்வொருவர் கையிலும் நிமிஷம் பிசகாத போன். கால்மணி முன்னால் வைக்கிற கடிகாரமே ஒழிந்தது. அதனால் பொய் இடம் மாறிவிட்டது: "ராத்திரி ஆயிருச்சு, வைஃபை தூங்கப் போயிருச்சு" என்கிறாள் மருமகள். பேத்தி எழுந்துபோய், பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்துவிட்டு, "கண்ணை முழிச்சிட்டுதான் இருக்கு" என்று திரும்பி வருகிறாள்.

என் மகனுக்கு அமெரிக்கக் கம்பெனி வேலை. தாத்தாவுக்கு ராத்திரி ஷிப்டு என்றால் பேரனுக்கும் அதுதான், மில்தான் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. தாத்தா படி இறங்கிப் போனார். இவன் ஹாலிலிருந்து பக்கத்து அறைக்குப் போகிறான். சாயங்காலம் ஆறரைக்கு, குளித்து, மேலுக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக மேஜையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து உரக்க, "குட் மார்னிங் எவ்ரிபடி" என்கிறான். நியூயார்க்கில் அப்போது காலை ஒன்பது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்த ஏற்பாடு. அதற்கப்புறம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். இங்கே குட் மார்னிங் ஏழரைக்குப் போய்விடும். எங்கள் அப்பா கால்மணி தள்ளி வைத்தது வீட்டுக்குள் ரகசியம். இவர்கள் ஒரு நாடே சேர்ந்து தள்ளி வைக்கிறார்கள், மறைக்கவும் இல்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தத் தாள் வந்தது. இடப்பக்கம் 'குட் மார்னிங்', 'குட் ஆப்டர்நூன்', 'குட் ஈவினிங்', 'குட் நைட்'. வலப்பக்கம் படங்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். பேத்தி 'குட் மார்னிங்'கை நிலாவோடு இணைத்தாள், நேராக, தயங்காமல். 'குட் நைட்'டை வெயில் அடிக்கிற ஜன்னலோடு இணைத்தாள். அப்பா விடிந்த பிறகுதானே அவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் படுக்கிறான். தாளில் இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. பெற்றோர் கூட்டத்தில், "டைம் கான்செப்ட் கொஞ்சம் வீக்கா இருக்கா, வீட்ல ஒர்க் பண்ணுங்க" என்றார்கள். பெட்டி வந்த கதை இதுதான். நானும் ஒரு காலத்தில் இப்படிச் சிவப்பு மை வைத்திருந்தவள், ஆகவே அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. குழந்தை வீட்டைப் பார்த்து வரைந்தது. டீச்சர் தாளைப் பார்த்துத் திருத்தினார்.

பெட்டியை ஓரம் வைத்துவிட்டு, பேத்தியைக் கீழே கூட்டிப்போக ஆரம்பித்தேன். சுற்றுச்சுவருக்கு வெளியே சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. பொழுது சாயச் சாய அதன் இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கும். காவலாளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார். இந்த மரத்தை வைத்து ஒரு வாரத்தில் சாயங்காலத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. "ஆச்சி, மரம் ஏன் இலையை மடிக்குது?" என்றாள். "தூங்கப் போகுது தங்கம்." "யார் சொன்னா அதுக்கு?" நல்ல கேள்வி. சேவலுக்கு இருக்கிறதே, அதே மாதிரி உள்ளே ஒரு கடிகாரம் இதற்கும் உண்டு என்றேன். இலையைத் தொட்டுக் காதில் வைத்துப் பார்த்தாள். டிக் டிக் சத்தம் வரவில்லை என்று காவலாளியிடம் புகார் சொன்னாள்.

மரம் வேலை செய்தது. சில நாளிலேயே அவள் இலை மடங்குவதைப் பார்த்துவிட்டு, நான் கூப்பிடும் முன்னால் தானே வீட்டுக்குக் கிளம்பினாள். லிப்டில் ஏறியதும் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார், "என்ன பாப்பா, அதுக்குள்ள விளையாட்டு முடிஞ்சிருச்சா?"

"மரம் தூங்கிருச்சு ஆன்ட்டி. அப்பாக்குக் குட் மார்னிங் ஆயிருச்சு."

நியூயார்க்குக்கும் சோழிங்கநல்லூருக்கும் உள்ள ஒன்பதரை மணி நேரத்தை ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் கட்டிவிட்டாள். இதற்கு மதிப்பெண் போட அந்தத் தாளில் இடம் இல்லை.

இனி மு.ப., பி.ப. வரும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் சுருக்கிப் போடுகிறார்கள். ராத்திரி பதினொன்றரையும் பிற்பகல், நாய்கூடக் குரைக்காத ஒரு மணியும் முற்பகல். பன்னிரண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நண்பகல் பன்னிரண்டு என்பது பகலின் நடு. அது நடுவுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆகவே பன்னிரண்டுக்கு இந்த ஒட்டைப் போடாதீர்கள், நண்பகல் என்றோ நள்ளிரவு என்றோ எழுதிவிடுங்கள் என்று அமெரிக்காவின் அளவை நிறுவனமே ஆலோசனை சொல்கிறது. அதாவது எங்கள் கடைசி வரிசைப் பையன் சொன்னதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் இன்னும் எளிதாக வைத்திருக்கிறார்கள். விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நம் பஞ்சாங்கமும் அப்படித்தான். சூரிய உதயத்தில் நாள் தொடங்கும், 24 நிமிஷத்துக்கு ஒரு நாழிகை, அறுபது நாழிகை முடிந்தால் அடுத்த உதயம். ராத்திரி எவ்வளவு நீண்டாலும் அது முந்தின பகலின் சொத்து. என் மகன் இதைக் கேட்டுச் சிரிப்பான். "அம்மா, நாள்னா நடுராத்திரி பன்னண்டு மணிக்கு மாறும். இது ஒரு ஸ்டாண்டர்டு." அவன் போனில் நாலு ஊர்க் கடிகாரம் வரிசையாக ஓடும்.

ஊரில் அம்மன் கோயில் கொடை வந்தது. ரயிலுக்கு அவன்தான் முன்பதிவு செய்தான். 15-ஆம் தேதி, 00.10. பதினைந்தாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, மூட்டை முடிச்சோடு, முறுக்கு டின்னோடு, தூங்கிவிட்ட பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பதினொன்றே காலுக்கே நடைமேடையில் நின்றோம். நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று மகனுக்குப் பெருமை. பலகையில் எங்கள் வண்டி மட்டும் இல்லை. விசாரணைக் கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இது தினம் நடக்கிறதுதான் என்ற குரலில் சொன்னார்: "இது நேத்து ராத்திரி வண்டி சார். போயிருச்சு."

"பதினஞ்சாம் தேதி ராத்திரிதானே சார் போட்டிருக்கு?"

"பதினஞ்சு பொறந்து பத்து நிமிஷத்துல கிளம்பியாச்சு."

மகன் போனை எடுத்து ஒரு தரம், வெளியே வந்து இன்னொரு தரம் பார்த்தான். மருமகள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே அதிகமாக இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நீ தப்பே பண்ணலய்யா. பஞ்சாங்கப்படி பதினஞ்சாம் தேதி நாளைக்குக் காலைல விடியிற வரைக்கும் இருக்கு. ரயில்காரங்கதான் அவசரப்பட்டுட்டாங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

கிளாம்பாக்கத்துக்கு வண்டி பிடித்துப் போனோம். நள்ளிரவு ஒரு மணிக்குப் புறப்படுகிற திருநெல்வேலி பஸ்ஸில் கடைசி வரிசை காலியாக இருந்தது. பேத்தி விழித்துக்கொண்டாள். வெளியே விளக்கு வெளிச்சத்தையும், டீ ஆற்றுகிற கடையையும், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு டிரைவரையும் பார்த்துவிட்டு, "காலையா ஆச்சி?" என்றாள். படமும் பாடமும் அவ்வளவு சரியாகப் பொருந்தியிருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். மகன் இந்த முறை எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

"அண்ணே, எப்ப போய்ச் சேரும்?"

"திருச்சி போறப்ப விடியும். மதுரைக்கு அந்தப்பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவோம். மத்தியானச் சோத்துக்குத் திருநெல்வேலில இருப்பீங்க."

"அது சரிண்ணே, டைம் என்னன்னு கரெக்டா சொல்லுங்க."

"சொன்னேன்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவர் சில்லறை கேட்டார்.